மூன்று கோயில்களும் ஒரு வியாகுலமும்

புதுச்சேரியில் அவரளவுக்குக் கோபப்பட்ட மனிதர் அவருக்கு முன்னும் பிறந்ததில்லை. பின்னும் பிறக்கப் போவதில்லை. அவருடைய இயற்பெயர் அவர் மனைவிக்கே நினைவிருந்ததா என்பது ஐயம். ஊர் அவரை வியாகுலம் என்றே அழைத்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்ப் பென்ஷனோடு திரும்பிய ‘சொல்தா’க்களுள் ஒருவர். ஆண்டு முழுவதும் எவரையாவது ஏசிக்கொண்டிருப்பார். பெரிய வெள்ளிக்கிழமையன்று மட்டும் கோயிலில் நின்று வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார். மாதாவின் துயரங்களை அந்தக் குரல் இழுத்துச் சொல்லும்போது, காலையில் அவரிடம் வசை வாங்கியவர்களே முதலில் அழுவார்கள்.

முப்பதுகளில் எங்கள் தெருவில் கோயில்கள் பெருகின. பக்தி பெருகியதென்று எவரும் எண்ண வேண்டாம்; சச்சரவு பெருகியது. கிழக்குக் கோடியில் பழைய கோயில் இருந்தது. ஈஸ்டரான பாஸ்குத் திருநாளில் தேருக்கு முன்தோள் கொடுப்பவர் யார் என்ற தகராறில் பிரிந்தவர்கள், மேற்குக் கோடியில் ஒன்று கட்டினார்கள். அடுத்து நாங்கள் தெருவின் நடுப்பகுதியில் ஒன்று கட்டினோம். எங்களுடையது பக்தியினால் எழுந்தது. முன்வரிசை நாற்காலி பற்றிய மனத்தாங்கலும் சிறிது உண்டு என்று சிலர் சொல்லித் திரிந்தது அவதூறு.

ஆயினும் நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. மூன்று கோயில்கள் வந்தபின், ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவது நின்றது. சாவுச் செய்தி வந்தாலும், “எந்தக் கோயிலாம்?” என்று விசாரித்த பிறகே செருப்பை மாட்டினார்கள்.

நண்பகலில் திரிகால மணி ஒலித்தால், செய்வதை விட்டு எழுந்து செபிப்பது எங்கள் வழக்கம். மூன்று கோயில் கடிகாரங்களோ, கோயிலார்களைப் போலவே, தம்முள் ஒத்துப் போனதில்லை. ஒருநாள் வியாகுலம் எச்சில் கையோடு எங்கள் கோயில் வாசலில் வந்து நின்றார்.

“யோவ்! ஒரு கவளம் வாய்க்குள்ள போறதுக்குள்ள மூணு தரம் எழுந்து நிக்கிறேன்! நான் சோறு துன்றனா, கவாத்து பண்றனா?”

எங்கள் கோயில்பிள்ளை மணிக்கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடி ஒளிந்துகொண்டார்.

புதுக்கோயிலில் முதல் பெரிய வெள்ளி நெருங்கியது. கோயில் கமிட்டிக்கு நானே தலைவன். வியாகுலம் எங்களிடம்தான் வாசிப்பார் என்று அதற்கு முந்தைய குருத்து ஞாயிறன்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டு, அதன் பிறகு அவரிடம் சென்றேன்.

“வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு நம்ம கோயிலுக்கு வந்துடுங்க.”

“கெழக்கால கோயிலும் மூணு மணின்னுது. மேற்கால கோயிலும் மூணு மணின்னுது. ஏன் முசே, ஆண்டவரு எத்தினி தரம் செத்தாரு?”

“ஒரு தரம்.”

“அப்பறம் நம்ம தெருவுல மட்டும் அவர ஏன் மூணு தரம் சாவடிக்கிறீங்க?”

“நாலு பேர் முன்னாடி சொல்லிட்டேனே. என் பேச்சு என்னாவறது?”

“மாதாவுக்குப் புள்ள போச்சு. ஒமக்குப் பேச்சுத்தான போவுது? போயிட்டுப் போவட்டும்!”

கல்லூரியில் படித்த எவனையும் அப்படிப் பேசலாகாது. நான் வீடு திரும்பினேன். அவர் மனம் மாறி வந்துவிடுவார் என்று கமிட்டியாரிடம் மட்டும் உறுதி கூறினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. பட்டாளத்துப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, தம் வீட்டெதிரே நடுத்தெருவில், கொளுத்தும் வெயிலில் நின்று வாசிக்கத் தொடங்கினார். அந்தக் குரலுக்குக் கதவு ஏது? எங்கள் கோயிலிலிருந்து முதலில் பெண்கள் எழுந்து போனார்கள். பிறகு ஆண்கள். கடைசியாக, கமிட்டியார் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நழுவினார்கள். மிஞ்சியவர்கள் சாமியாரும் நானும்.

“என்னங்க இது?” என்றார் சாமியார்.

“நிறுத்திட்டு வரேன் சாமி,” என்று குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

தெருவில் மூன்று கோயில் சனமும் கலந்து புழுதியில் உட்கார்ந்திருந்தது. தேர்த் தகராறில் ஆண்டுக்கணக்காக முகம் பாராதிருந்த இருவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அழுதார்கள். நான் நேரே வியாகுலத்திடம் போனேன்.

“இது ஒழுங்கா?”

மாதாவின் ஒரு துயரத்துக்கும் அடுத்த துயரத்துக்கும் இடையே மூச்சு வாங்கியவர், என் பக்கம் திரும்பாமலே சீறினார்: “உக்காரு. இல்லன்னா மறைக்காம நில்லு!”

அத்தனை பேர் கேட்க அப்படிச் சொன்னார். மானம் போயிற்று. ஆனால், வழிந்த வியர்வையில் அவருக்கு எழுத்துத் தெரியவில்லை என்பதைக் கண்டேன். மகனின் உடலைத் தாய் மடியில் வாங்கும் இடத்தில் குரல் தடுமாறி நின்றது.

குடையை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்தேன். கோபத்தோடுதான் பிடித்தேன், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் எடுத்தார். சிறிது நேரத்தில் எனக்குக் கை கடுத்தது. மறுகைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.