ஆயர் ஈத்தாம் வீட்டின் மேல் ஒரு கண்

"கிணறு இருக்கு, முருங்கை இருக்கு, பின்னால மரவள்ளி போட நிலமும் இருக்கு அண்ணே. குண்டு விழுமோங்கிற பயமும் இல்லை!"

டவுனுக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் ஆயர் ஈத்தாமில் வீடு வாங்கிய கதையை அம்பிகைபாகன் ஆபீஸ் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, மறுபடியும் ஸ்ரீஸ்கந்தராஜாவிடமிருந்து ஆரம்பித்தார். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தாக்கள். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து பினாங்கு டவுனில் குடியிருக்கவே ஜனங்கள் நடுங்கினார்கள். ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கோ டவுனுக்குள்ளேயே சுங்கை பினாங்கில், இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய வரிசை வீடு. அவருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் அம்பிகைபாகன் எழுந்து போன சமயம் பார்த்துக் கிளப்பிவிட்டார்.

"ஆயர் ஈத்தாம்ல யாரு குடியிருக்கா தெரியுமா? படிச்ச குடும்பம் ஒண்ணு உண்டா? இந்தப் பக்கம் கோழி வளர்க்கிறவன், அந்தப் பக்கம் கீரை போடுறவன், எதிர்ல மீன் குளம்! கௌரவமான இடமா லா அது?"

ஆபீஸே தலை நிமிர்ந்தது. நல்ல சோற்றைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்கான கூட்டம் அது.

"கோழியா?" என்றார் டைப்பிஸ்ட் சூசை, எச்சிலை விழுங்கிக்கொண்டு.

அந்த வாரமே சூசை அங்கே வீடு பார்க்கப் போனார். பின்னாலேயே பாதி ஆபீஸ் போனது. வீட்டு விலை கிடுகிடுவென்று ஏறியது. அம்பிகைபாகன் ஒரு கட்டுக் கீரையோடு வந்து ஸ்ரீஸ்கந்தராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க புண்ணியம் அண்ணே! என் வீடு இப்ப ரெண்டு மடங்கு!"

அந்தக் கீரையை மனைவி ஞானாம்பிகை மணக்க மணக்கக் கடைந்து வைத்தாள். ஸ்ரீஸ்கந்தராஜா தொடவில்லை.

விலையை இறக்கியே தீருவதென்று சூசையைப் பிடித்தார். "மலையிலருந்து பாம்பு இறங்குதாம், தம்பி."

"நல்லதா போச்சு! எலி மரவள்ளியைத் தொடாது" என்ற சூசை, அதையும் ஊரெல்லாம் சொன்னார். விலை இன்னும் ஏறியது.

கடைசியில் ஒரே வழிதான் தெரிந்தது: அம்பிகைபாகனுக்குப் பக்கத்திலேயே, அவருடையதைவிடப் பெரிய வீடு. தரகர் கமாலுதீனிடம் ஓடினார்.

"பக்கத்து வீடே இருக்கு அண்ணே, மாடி வச்சது. ஆனா விலை உச்சியில நிக்குது. யாரோ ஆபீஸ்காரரு அந்த இடத்தை அப்படிப் புகழ்ந்து வச்சிருக்காரு."

"என் டவுன் வீட்டை வித்துடு."

"டவுன் வீட்டை இப்ப யாரு சீண்டுறா? ஒரு ஆளு இருக்காரு, மாமியார் பேர்ல கேக்குறாரு. அடிமாட்டு விலைதான் தருவாரு, பரவாயில்லையா?"

"ஆபீஸுக்குப் பக்கத்துல இருக்கிற வீடுங்க" என்று ஞானாம்பிகை கெஞ்சினாள்.

"அம்பிகைபாகன் வீட்டுக்கு மாடி இல்லைடி!" என்றார் அவர். அவள் கழுத்துச் சங்கிலியும் சேர்ந்து போனது.

குடிபோன அன்று, மாட்டுவண்டியிலிருந்து சாமான் இறங்குவதற்குள் ஸ்ரீஸ்கந்தராஜா மாடிக்கு ஓடினார். அம்பிகைபாகன் அண்ணாந்து பார்க்கும் முகத்தைக் காண வேண்டுமே! ஆனால் அடுத்த வீட்டு முற்றத்தில் கட்டில், பெட்டி, சுருட்டிய பாய் எல்லாம் கயிறு கட்டித் தயாராக இருந்தன.

"என்னய்யா, அம்பிகைபாகன் எங்கே கிளம்புறாரு?" என்று கீழே கத்தினார்.

வண்டிக்காரர் பக்கிரிசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பழைய வீட்டுக்குத்தாங்க. மத்தியானமானா நீங்க நாலு எட்டுல வீட்டுக்குப் போய்ச் சுடச்சுடச் சாப்பிட்டு வர்றதைப் பார்த்துப் பார்த்து, வயித்தெரிச்சல்ல மனுஷன் துரும்பா இளைச்சுட்டாராம்!"