அரைக் கிலோ காப்பித்தூள் வைத்தியம்

என் வாழ்நாளில் ஒரே ஒருவருக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அவர் பிழைத்துக்கொண்டார். அதற்குக் காரணம் நான் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அக்காவின் கணவர், என் அத்தான், தனியார் பஸ் டிரைவர். திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரில் அவர்கள் வீட்டு விசேஷத்துக்காக, திண்டுக்கல்லில் புதிதாக அரைத்த காப்பித்தூள் வாங்கிக்கொண்டு, நண்பனிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டரில் இருவரும் திரும்பினோம். பஸ்ஸே ஓட்டுகிறவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிக் காட்ட எனக்கு ஆசை. (ஸ்கூட்டர் பழகி நாலு நாள்தான் ஆகியிருந்தது.)

“மாப்ளே, வளைவு வருது. பிரேக்க மிதி.”

“தெரியும் அத்தான்.”

தெரியவில்லை. சாலையோர மண்ணில் சறுக்கி, வண்டி அவருடைய வலது காலின் மேல் விழுந்தது. கால் எலும்பின் கீழ்நுனி கணுக்காலில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது.

எங்கள் பக்கம் வெட்டுக்காயத்துக்கு ஒரு சிட்டிகை காப்பித்தூள் அப்புவார்கள், ரத்தம் நிற்கும் என்று. இது பெரிய காயமாயிற்றே! அரைக் கிலோ பொட்டலத்தையும் கொட்டி, கட்டைவிரலால் திணித்து, என் வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். அத்தான் மயங்கிப்போனார். வலி நின்றுவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன்.

மதுரைக்குப் போன லாரியை மறித்து, அங்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் கட்டைப் பிரித்ததும் அறை முழுக்கக் காப்பி வாசனை.

“எவன்யா இதுல காப்பித்தூளப் போட்டது?”

“வழியில போனவுக யாரோ, சார்.”

அவர் என் கைகளைப் பார்த்தார். மணிக்கட்டு வரை தூள் ஒட்டியிருந்தது.

தகவல் தெரிந்து ஓடிவந்த அக்கா கேட்டது ஒன்றுதான். “அய்யா, இவுக மறுபடி பிரேக்க மிதிப்பாகளா?”

“முதல்ல கால் நிக்கட்டும்மா. மூட்டுக்குள்ள எலும்பு சில்லுசில்லா இருக்கு. இந்தத் தூளால சீழ் புடிச்சுட்டா, கால எடுத்துத்தான் ஆகணும்.”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதல் ஆபரேஷன் பெரும்பாலும் கழுவல்தான். பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஊற்றி, கெட்ட சதையை வெட்டி எடுத்து, காலுக்கு வெளியே இரும்புக் கம்பிகளைப் பூட்டி எலும்பைப் பிடித்துவைத்தார்கள். காயத்தை மூடவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் கழுவினார்கள்.

“டிகாக்ஷன் இன்னும் இறங்குதுப்பா,” என்றார் டாக்டர் வெளியே வந்து. யாரும் சிரிக்கவில்லை.

தினமும் காலையில் கட்டை மோந்து பார்ப்பேன். காப்பி வாசனை என்றால் நிம்மதி. வேறு வாசனை வந்துவிடுமோ என்றுதான் பயம். நல்லவேளையாக வரவில்லை. பிறகு மூட்டுச் சில்லுகளைச் சேர்த்து ஸ்குரு போட்டார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் தப்பியது. ஆனால் கணுக்கால் அதன்பின் மடங்கவே இல்லை. முதலாளி அத்தானை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்காரவைத்தார்.

இன்றும் அக்கா வீட்டில் நான் ஃபில்டரில் தூள் போடப் போனால், அத்தான் அந்தக் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொள்வார். “மாப்ளே, செத்த பாத்துப் போடு. டாக்டரு வைவாரு.” வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

பஸ்ஸில் போகும்போது மட்டும் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் தரையை மிதிக்கப் பார்க்கிறது.