ஏ-பி அண்ணாச்சியும் ஒன்பது ஐந்து போணியும்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. என் டைரியில் உள்ளபடி: 8.40 கடை திறப்பு. 8.55 சாமி படங்களுக்குப் பூ. 9.05 போணித் தட்டு, ஒன்பது பேர். 9.15 ஆன்லைன் ஆர்டர்: இல்லை.

போணித் தட்டு எங்கள் மக்ரூன் கடைக்கே உரிய சடங்கு. ஆன்லைன் விற்பனை தொடங்கிய நாளில் முதலாளி அதை ஏற்படுத்தினார். காலையில் எல்லோரும் போனைத் திறந்து, நம் கடை விளம்பரம் வரும்வரை தள்ளிக்கொண்டே போய், வந்ததும் பயபக்தியோடு ஒரு தட்டு தட்ட வேண்டும். "கடைக்குப் போணி உண்டுல்லா? இதுக்கு மட்டும் வேண்டாமா வே?" என்பது அவர் கட்சி. முதல் வாரம் விளம்பரம் கண்ணில் படவே கால் மணி நேரம் ஆனது. மூன்றாம் மாதம் போனைத் திறந்ததுமே முன்னால் வந்து நின்றது. வியாபாரம் வளர்கிறது என்று மகிழ்ந்தோம்.

அந்த விளம்பரங்களைக் கவனிக்க வந்தவர்தான் ஏ-பி அண்ணாச்சி. தன் சொந்த அபிப்பிராயத்தை அவ்வளவு தூரம் நம்பாத மனிதரைத் தூத்துக்குடி கண்டதே இல்லை. எதையும் ஏ என்று ஒன்று, பி என்று ஒன்று வைத்துச் சோதித்து, ஜெயித்ததைத்தான் எடுப்பார். விளம்பரத்தில் அது முறைதான். இரண்டு படங்களைக் கொடுத்தால், எதை ஜனங்கள் அதிகம் தட்டுகிறார்களோ அதையே விளம்பரக் கருவி மேலும் மேலும் காட்டும். அண்ணாச்சி அதோடு நிற்கவில்லை.

டீக்கடையில் இரண்டு டீ சொல்வார். ஒன்றில் சர்க்கரை கம்மி. மாற்றி மாற்றி உறிஞ்சிவிட்டுக் குறித்துக்கொள்வார்.

"நீரு டீ குடிக்க வாரீரா, பரீட்ச வைக்க வாரீரா?" என்று டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

வலது காலில் கறுப்புச் செருப்பு, இடது காலில் பழுப்பு. எது சீக்கிரம் தேய்கிறது என்று பார்க்கிறாராம். பின்னால் மழைக்காலம் வந்தும் முடிவு வரவில்லை.

ஒருமுறை முழு மக்ரூன் படம் ஒன்றும், முந்திரி தெரிய உடைந்த மக்ரூன் படம் ஒன்றும் போட்டார். முதலாளி கொதித்தார். "ஒடஞ்சதையா ஊருக்கே காட்டுதீரு?"

"ஒடஞ்சதுதான் மொதலாளி ஜெயிச்சிருக்கு. நான் சொல்லல, ஜனங்க சொல்லுது."

ஆனால் அந்த ஜனங்கள் யாரும் வாங்கவில்லை. முதலில் சென்னை, பெங்களூரு என்று வந்த ஆர்டர்களும் நின்றுபோயின. அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளி தீர்ப்புச் சொன்னார்: "இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள வெளியூர் ஆர்டர் ஒண்ணாவது வரணும். இல்லைன்னா ஆன்லைன் மேசைய எடுத்துருவேன்."

அந்த மேசையில் நாங்கள் மூன்று பேர்: ஆர்டர் எழுதும் நான், பெட்டி கட்டும் ரோசம்மாள், ஏ-பி அண்ணாச்சி. மேசை போனால் மூவரும் வீட்டுக்கு. ரோசம்மாள் காலிப் பெட்டி ஒன்றை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

எந்த நேரத்தில் எத்தனை தட்டு என்று கோடு ஏறி இறங்கும் திரையையே அண்ணாச்சி வெறித்தார். "தினமும் காலைல ஒம்பது அஞ்சுக்கு இங்கன ஒரு மலை எந்திரிக்கி. யாரு இவ்வளவு தட்டுதாவன்னு தெரியல."

ஒன்பது மணிக்கு டீக்கடையில் இருக்கும் அவர் போணித் தட்டைப் பார்த்ததே இல்லை. நான் டைரியை நீட்டினேன். மூன்று மாதமும் ஒரே வரி. 9.05, ஒன்பது பேர்.

வாசித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப் பாவியளா! நீங்கதானா அந்த மலை?"

"போணி போடாம எப்படி வே?" என்றார் முதலாளி.

"நீங்க தட்டத் தட்ட, இவங்கதான் வாங்குத ஆளுன்னு அது கத்துக்கிடுது மொதலாளி. அப்புறம் உங்கள மாதிரியே ஆளாத் தேடிப் போயிக் காட்டுது. எதுத்த மருந்துக் கடைக்காரரு, பக்கத்து ஜவுளிக் கடைக்காரரு."

"அவுக நடந்து வந்தே வாங்குவாகளே!"

"அதத்தான் சொல்லுதேன்." குரல் இறங்கியது. "ஒடஞ்ச மக்ரூன ஜெயிக்க வச்சதும் நீங்க ஒம்பது பேருதான்."

"சரி, இப்ப என்ன செய்ய?"

பழக்கதோஷத்தில் அண்ணாச்சி ஆரம்பித்தார். "ஒரு வாரம் போணி போட்டு, ஒரு வாரம் போடாம..."

"சாயந்தரத்துக்கு முன்னால ரெண்டு வாரம் எங்கன வே இருக்கு?"

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். ரோசம்மாள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். சோதிக்காமல் ஒரு முடிவு எடுக்கவேண்டிய நிலை அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாக இருந்திருக்கும்.

"இனிமே யாரும் தட்டாதீங்க," என்றார்.

பழைய விளம்பரத்தை நிறுத்தினார். தூத்துக்குடியை விலக்கினார். ஏற்கெனவே வாங்கிய வெளியூர்க்காரர்களின் பட்டியலைக் கொடுத்து, அவர்களுக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் காட்டச் சொன்னார். தட்டுகளை விட்டுவிட்டு ஆர்டர்களை மட்டும் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி கருவியை மாற்றினார். படம் எது என்று கேட்டதற்கு, "முழுசு. எனக்கு அதான் பிடிச்சிருக்கு," என்றார். சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டார்.

12.40, இல்லை. 2.30, இல்லை. 4.20, கோயம்புத்தூர், ஒரு கிலோ. 5.05, ஓசூர், இரண்டு கிலோ. டைரியில் இப்போதும் அந்த இரண்டு வரிகள் மட்டும் கோணலாகத்தான் இருக்கின்றன.

"மாதாவே!" என்று ரோசம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று முழுக்க அவர் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேசை அங்கனயே கெடக்கட்டும்," என்றார்.

ஒரு வருடம் எங்களோடு இருந்துவிட்டு, அண்ணாச்சி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அங்கே எந்தெந்தச் செருப்பில் நடக்கிறாரோ.

டைரியில் மறுநாள்: ஜூன் 15, சனிக்கிழமை. கடை திறக்குமுன் நான் செய்த முதல் வேலை, டீக்கடைக்குப் போய் இரண்டு டீ வாங்கியது. "இன்னைக்கு நீரும் பரீட்ச வைக்கீரா?" என்றார் டீக்கடைக்காரர்.

இல்லை என்றேன். ஒன்று அண்ணாச்சிக்கு. இன்னொன்று எனக்கு.