ரவர் காட்டப் போன பாக்கியராசா

கிட்ட வாருங்கள், செல்லங்களே. அந்தப் போனைக் கவிழ்த்து வையுங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது. ஸ்காபரோவில் ஒரு மனுசன் ஒரே ஒரு ரவரை, ரொறன்ரோ நடுவிலே வானம் முட்ட நிற்கிற அந்தக் கோபுரத்தை, காட்டப் போய்ப் பட்ட பாட்டைச் சொல்லப்போகிறேன். சிரிக்கலாம். ஆனால் அவர் காதில் விழாமல் சிரியுங்கள், பாவம்.

பாக்கியராசா கார்த் திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலமாக வாசலில் நிற்கிறார். கூட்டிப்போக வேண்டிய பிள்ளை டெர்யாவோ சாப்பாட்டு மேசையில், ஒன்பதாவது இடியப்பத்துக்கு முன்னால் இருக்கிறாள்.

"சஜிதா, பிள்ளையை விடுமப்பா! ரவருக்குப் போகவேணும்."

"வெறும் வயித்தோடை வெளிக்கிட விடுறதே? என்னைப் பற்றி அவ என்ன நினைப்பா?" என்று மனைவி இன்னும் இரண்டு இடியப்பத்தை வைத்துச் சொதியை ஊற்றினார்.

டெர்யா துருக்கியில் எஸ்கிசெஹிர் என்ற நகரத்துப் பிள்ளை. ஸ்காபரோ முதியோர் சங்கத்தில் மூன்று கிழமை தொண்டு செய்ய வந்தவள். சங்கச் செயலாளர் வேரோனிக்கா பாக்கியராசாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "அண்ணை, சனிக்கிழமை இவவுக்கு ரொறன்ரோவைச் சுத்திக் காட்டுங்கோ. இவ நல்லமாதிரிச் சொன்னால் இந்த வருசம் பஸ் சுற்றுலாவுக்கு நீங்கள்தான் தலைவர்."

தலைவர் என்றால் பஸ்ஸின் முன் சீட்டு. கையில் மைக். மூன்று வருடமாக அந்த மைக்கைப் பிரதாபன்தான் வைத்திருக்கிறார். பின் சீட்டில் இருந்து அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டே பாக்கியராசாவுக்கு இரத்த அழுத்தம் வந்தது. ஒரேயொரு சிக்கல். முப்பத்தொரு வருடமாக இந்த ஊரில் இருந்தும் அவர் அந்த ரவருக்குக் கிட்டப் போனதில்லை. அதை மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை.

ஒருவழியாகக் கார் புறப்பட்டது. இரண்டாவது சிக்னலில் போன் அடித்தது. சஜிதாவின் தமக்கை கோணேஸ்வரி.

"தம்பி, வெளிநாட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என்ரை வாசலாலை போறீராம். ஏறாமல் போற அளவுக்கு நான் என்ன பிழை செய்தனான்?"

"இல்லை மச்சாள், நேரம்..."

"அப்ப போம். நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

நினைக்கமாட்டேன் என்று கோணேஸ்வரி மச்சாள் சொன்னால், அதை அவர் பத்து வருடம் நினைத்துக்கொண்டிருப்பார் என்று பொருள். கார் திரும்பியது.

அங்கே ரோல்ஸும் தேத்தண்ணியும். முதல் கோப்பை முடிந்ததும் டெர்யா கரண்டியை எடுத்துக் கோப்பையின் மேலே குறுக்காக வைத்தாள். அவளுடைய ஊரில் அப்படி வைத்தால் 'போதும், இனி ஊற்ற வேண்டாம்' என்று அர்த்தம். மச்சாளுக்கு அது எப்படித் தெரியும்?

"ஐயோ, பிள்ளைக்குச் சீனி காணாது. கூச்சத்திலை கரண்டியைக் காட்டுது!" என்று மூன்று கரண்டி சீனி போட்டு மறுபடி ஊற்றினார். டெர்யா மறுபடி கரண்டியை வைத்தாள். மச்சாள் மறுபடி ஊற்றினார். நாலாவது கோப்பையில் டெர்யா கரண்டியைக் கைப்பைக்குள் ஒளிக்கப் பார்த்தாள். பாக்கியராசா கண்டும் காணாதவர்போல் யன்னலைப் பார்த்தார்.

அத்தோடு விட்டாரா மச்சாள்? டெர்யாவைக் கட்டிப்பிடித்துப் படமெடுத்து, சொந்தக்காரரும் சிநேகிதரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கார் ஹைவேயில் ஏறுவதற்குள் போன் அடித்தது. பிறம்ரன் களஞ்சியத்தில் பன்னிரண்டு வருடம் பக்கத்தில் நின்று பெட்டி தூக்கிய கூட்டாளி நிலாம்.

"என்ன மச்சான், துருக்கிப் புள்ள வந்திருக்கு, எனக்கு ஒரு வார்த்தை இல்லையா? ஸபீரா வட்டிலப்பம் அடுப்புல வெச்சிட்டா."

"நிலாம், நீ ரெக்ஸ்டேலிலை இருக்கிறாய். நான் ரவருக்கு..."

"கோணேஸ்வரி அக்கா ஊட்ட போகலாம், எங்கட ஊட்ட வர ஏலாது. சரி மச்சான்."

பாக்கியராசா கணக்குப் போட்டார். ரெக்ஸ்டேலுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து நேரே இறங்கினால் ரவர். கார் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. நடுவழியில் தூரத்தில் ஊசிபோல ஒன்று தெரிந்தது.

"டெர்யா! அங்கே, அங்கே! ரவர்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

டெர்யா திரும்புவதற்குள் ஒரு லொறி வந்து மறைத்துவிட்டது.

ரெக்ஸ்டேலில் டெர்யா வாசலில் நின்று ஸலாம் சொன்னதும் நிலாமின் மனைவி ஸபீராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எண்ட மகள் மாதிரி இரிக்கி!" ஒரு வாய் வட்டிலப்பம் என்றது புரியாணியில் தொடங்கித்தான் அந்த இனிப்புக்கு வந்தது. வெளியே வரும்போது மணி நாலு.

ஆனாலும் இம்முறை கார் சரியான வழியில்தான் போனது. ரவர் பெருவிரல் அளவுக்கு வளர்ந்து, பிறகு முழங்கை அளவுக்கு வளர்ந்தது. பாக்கியராசாவின் கையில் மைக்கே வந்துவிட்டது போலிருந்தது. அப்போது போன் அடித்தது. பிரதாபன்.

"என்ன பாக்கியம், எல்லா வீட்டையும் போறீராம். என்ரை வீடு கனடாவிலை இல்லையோ?"

இந்த ஆளிடம் இனிப் போவதா? பாக்கியராசா வாயில் வந்ததைச் சொன்னார்: "இல்லை பிரதாபன், பிள்ளைக்கு வயித்துக்கை சரியில்லை. வீட்டை வந்து படுத்திட்டா."

"ஓ, அப்பிடியே?"

இருபது நிமிடத்தில் சஜிதாவின் அழைப்பு. குரல் மிகவும் தணிவாக இருந்தது. அதுதான் பயம்.

"இஞ்சாருங்கோ, பிரதாபன் அண்ணை கொத்தமல்லி ரசத்தோடை வாசல்லை நிக்கிறார். நீங்கள் ரெண்டுபேரும் வீட்டிலையாம். எங்கை இருக்கிறியள், அலுமாரிக்குள்ளையோ?"

"மருந்துக் கடைக்குப் போனது எண்டு சொல்லும்!"

"அதைத்தான் சொன்னனான். வருமட்டும் இருக்கிறன் எண்டு சப்பாத்தைக் கழட்டிப்போட்டார். குழுவிலையும் போட்டிட்டார். கோணேஸ்வரி அக்கா அழுதுகொண்டு வாறா."

ரவர் நெற்றிக்கு நேரே நின்றது. பாக்கியராசா காரைத் திருப்பினார்.

"ரவர்?" என்றாள் டெர்யா.

"அது நாளைக்கும் நிக்கும்" என்றார் அவர், அழாத குறையாக.

வீட்டில் பதினாலு பேர். டெர்யாவைச் சோபாவில் படுக்கவைத்துப் போர்த்தினார்கள். ஒருவர் நெற்றியைத் தொட்டார், ஒருவர் காலை அமுக்கிவிட்டார். கோணேஸ்வரி மச்சாள், "என்ரை ரோல்ஸிலை ஒரு குறையும் இல்லை, ரெக்ஸ்டேலிலை என்ன குடுத்தவையோ" என்று மூக்கைச் சிந்தினார். பிரதாபன் ரசக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார்: "எப்படி எங்கள் ரவர்? பார்த்தீர்களா?"

"ஓம்" என்றாள் டெர்யா. ஆமாம் என்பதற்கு அன்றைக்குப் படித்த ஒரே தமிழ்ச் சொல் அது. பிறகு ஆங்கிலத்தில், "லொறிக்குப் பின்னால்" என்றாள்.

பிரதாபன் சிரித்த சிரிப்பு அந்தப் பதினோராம் மாடி வீட்டிலிருந்து கீழே கார்த் தரிப்பிடம் வரை கேட்டது.

ஞாயிறு முழுக்கப் பாக்கியராசா சாப்பிடவில்லை. திங்கள் காலை வேரோனிக்காவின் போன் வந்தது.

"அண்ணை, டெர்யா எல்லாம் சொன்னவ. ஏழு மணித்தியாலத்திலை ஒரு இடமும் பாக்கேல்லையாம்."

"பிள்ளை, பிழை என்னிலைதான். மைக்கைப் பிரதாபனிட்டையே குடுங்கோ."

"பொறுங்கோ அண்ணை. உங்களுக்கு முன்னமே சொன்னால் பதறுவியள் எண்டு ஒண்டை நான் சொல்லேல்லை. ஓகஸ்டிலை துருக்கியிலையிருந்து டெர்யாவின்ரை தொண்டர் குழு முழுக்க வருகுது, நாப்பத்திரண்டு பேர். எங்கெங்கை கொண்டுபோறது எண்டு பாத்து எழுதத்தான் டெர்யாவை முதல்லை அனுப்பினவை. ரவர் எல்லா ஊரிலையும் இருக்குதாம், பட்டியலிலை அதை வெட்டிப்போட்டு நீங்கள் கூட்டிப்போன வீடுகளை எழுதியிருக்கிறா. மைக் உங்களுக்குத்தான் அண்ணை, ஆனா பஸ் முதல்லை நிக்கிற இடம் உங்கட வீடு. இடியப்பத்துக்கு இப்பவே மா வறுக்கச் சொல்லிச் சஜிதா அக்காட்டைச் சொல்லுங்கோ!"

உங்கள் வீட்டுக்கும் ஆட்கள் வரட்டும், செல்லங்களே. வந்தவர்களுக்குத் தட்டுக் குறையாமலும், அந்தத் தட்டுகளைக் கழுவக் கை குறையாமலும், வீடு நிறைந்து எல்லோரும் சுகமாயிருங்கள்.