கள்ளுக்கடை ஈக்களை நம்பிப் பெண் கேட்டேன்

குடிகாரன் இல்லை என்று நிரூபிப்பதற்காக ஒருவன் ஒரு சொம்பு கள்ளைக் குடித்தான் என்றால், அவனுடைய அறிவைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. அந்த ஒருவன் நான்தான். அதற்காக வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை.

எனக்கு ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா முதலில் நிலத்தைக் குடித்தார், பிறகு மாட்டைக் குடித்தார், கடைசியில் ஈரல் மட்டும் மிச்சமிருந்தது, அதையும் முடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நான் லாரியில் கிளீனராகப் போனேன், குண்டக்கல் ஓட்டலில் தட்டு கழுவினேன், பெங்களூரில் சாந்துச் சட்டி தூக்கினேன். எந்த ஊரும் என்னை ஆறு மாதத்துக்கு மேல் பொறுத்துக்கொண்டதில்லை. (நானும் எந்த ஊரையும்தான்.) எண்பதுகளின் தொடக்கத்தில், கள்ளுக்கடைகள் மறுபடி திறந்திருந்த சமயத்தில், திருவண்ணாமலைக்கே திரும்பி வந்தேன். கிடைத்த வேலை, ஈ பிடிப்பது.

மெட்ராஸிலிருந்து ஆராய்ச்சிக்காக வந்த ஒரு மேடம் தேரடிக்குப் பின்னால் ஓர் அறை பிடித்திருந்தார். அழுகிய பழத்தை மொய்க்குமே, சிவந்த கண்ணோடு பொடி ஈ, அதுதான் அவருக்கு வேண்டும். தினமும் காலையில் வாழைப்பழ மண்டியில் ஒரு பாட்டில் நிறையப் பிடிப்பேன். கள்ளுக்கடையின் பின்பக்கம் இன்னொரு பாட்டில். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குழாய்களில் விட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தை உள்ளே வைத்து, எத்தனை விழுந்தன, எத்தனை நின்றன என்று நோட்டில் எழுத வேண்டும். மண்டி ஈக்களில் பெரும்பாலானவை சீக்கிரம் மல்லாந்துவிடும். கள்ளுக்கடை ஈக்கள் ஒன்றுமே நடக்காததுபோல் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருக்கும்.

"உடம்புக்குள்ள ஆல்கஹாலை உடைக்கிற நொதி ஒண்ணு இருக்கு. சில ஈக்கு அது வேகமா வேலை செய்யும், சிலதுக்கு மெதுவா. பொறப்புலயே வர்றது," என்றார் மேடம். இரண்டு கூட்டத்திலும் இரண்டு வகையும் உண்டு, எது எங்கே ஜாஸ்தி என்பதில்தான் வித்தியாசம் என்றும் சொன்னார். அந்தப் பின்பாதியை நான் காதில் வாங்கவில்லை. (ஏழாம் வகுப்பு.)

அப்போதுதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து ராணியின் சம்பந்தம் வந்தது. கோயிலில் வைத்துப் பெண் பார்த்தேன். எனக்கு அவளைவிட்டால் வேறு கதியில்லை என்று தோன்றிவிட்டது. அவளும் தலையாட்டினாள். ஆனால் அவள் அப்பா முந்தின நாளே ஊருக்குள் வந்து மாப்பிள்ளையைப் பற்றி டீக்கடையில் விசாரித்திருந்தார். அது கள்ளுக்கடைக்கு எதிர் டீக்கடை. கோயில் வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டார்.

"இன்னாபா, டெய்லி கடை தொறக்கும்போதே பாட்டிலோட உள்ள பூந்துடுறியாமே?"

"ஈ பிடிக்கத்தான் மாமா."

"ஈ ஓட்டுறவன ஊரெல்லாம் பார்த்திருக்கேன். ஈ பிடிக்கிறவன இப்பதான் பார்க்கிறேன்."

அவரையும் ராணியையும் நேரே மேடத்தின் அறைக்கு அழைத்துப் போனேன். மேடம் தபாலாபீசுக்குப் போயிருந்தார். இரண்டு குழாய்களையும் தயார் செய்து காட்டினேன். மண்டி ஈக்கள் விழுந்தன, மற்றவை நின்றன. பெரியவர் மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இது எப்டிபா?"

"ரத்தம் மாமா. அப்பன்கிட்டருந்து புள்ளைக்கு வருது," என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல.

அவர் நிமிர்ந்தார். "உங்கப்பன் எதுனால செத்தான்?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "நான் ஒரு சொட்டு தொட்டதில்ல மாமா. தொட்டா அந்த மண்டி ஈ மாதிரி இங்கயே விழுவேன். பார்க்கிறீங்களா?" என்று ஓடிப்போய், புளித்த கள்ளாக ஒரு சொம்பு வாங்கி வந்து, அவர் கண்ணெதிரே நின்றபடியே குடித்தேன். மேடத்தின் டைம்பீஸை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ராணி மூலையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், நின்றேன். வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வராத பதினாறாம் வாய்ப்பாடு அன்றைக்குத் தடங்கலில்லாமல் வந்தது.

சும்மாவாவது விழுந்திருந்தால் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். விழுவதற்கு வசதியாகக் கோணிப்பைகூடப் பக்கத்தில் கிடந்தது. ஆனால் அப்பா விழுந்து கிடந்த இடத்திலெல்லாம் போய்த் தூக்கி வந்தவன் நான். அவரைப்போல விழுந்து காட்டித்தான் பெண் வாங்க வேண்டுமென்றால் அந்தப் பெண் வேண்டாம் என்று தோன்றியது. முக்கால் மணி ஆனதும் நோட்டை எடுத்து எழுதினேன்: 'ஆண், ஒன்று. நின்றது.'

"கெளம்பு ராணி," என்றார் பெரியவர். "ஒரு சொம்பு உள்ள போயும் ஆடாம நிக்கிறான். இவன் பரம்பரைக் குடிகாரன்."

ராணி நகரவில்லை. "நைனா, நீ அரை டம்ளர்லயே விழுந்துடற. வாரா வாரம் சந்தையிலருந்து உன்ன நாலு பேரு தூக்கினு வராங்க. விழுறவன் நல்லவன்னா, நீ எதுக்கு வாரா வாரம் போற?"

பெரியவர் மல்லாந்து கிடந்த மண்டி ஈக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்குறது வேற, குடிக்கிறது வேற நைனா. இவரு விழுற மாதிரி நடிச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா? நடிக்கல. எனக்கு இவரே போதும்."

மேடம் ஏழு வருடம் படித்துச் சொல்லி நான் காதில் வாங்காததை, கடலை உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி ஒரே வரியில் சொல்லிவிட்டாள். மேடம் திரும்பி வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, "இந்த ஆண் ஈயை எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அந்த வரியை இரண்டு முறை அடித்தார். அறிவியலுக்கு நான் செய்த தொண்டு அத்தோடு முடிந்தது.

தை மாதம் கல்யாணம். சீர்வரிசையில் குடம், அண்டா, தாம்பாளம் எல்லாவற்றையும் வைத்த மாமனார் சொம்பை மட்டும் வைக்கவில்லை. இன்றுவரை மாமனார் வீட்டில் எல்லோருக்கும் தண்ணீர் சொம்பில் வரும், எனக்கு மட்டும் டம்ளரில். மச்சான் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அன்றைக்குப் பிறகு ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பவைக்க நான் எதுவும் செய்வதாகவும் இல்லை. டம்ளரை நீட்டி இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்பேன்.