சவாரிச் சங்கமும் ஏழு ஞாயிற்று நேர்த்தியும்

அநியாயம் செய்யப்பட்டவள் விமலேஸ்வரி. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. ஏனென்றால் வட்டக்கச்சியில் யாரைக் கேட்டாலும், "பாவம் யோகலிங்கம்" என்றுதான் கதையைத் தொடங்குவார்கள். பாவமாம்! ஞாயிறு தவறாமல் மோட்டார் சைக்கிளில் ஏறி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளை எல்லாம் தாண்டி, முல்லைத்தீவுக் கடற்கரையில் நண்டுக்கறி சாப்பிட்டுவிட்டுப் பொழுதுபட வீடு திரும்புகிற புருஷன் பாவம். அதே முள்ளியவளையில் தெருவோரத்து வீட்டில் கூடப்பிறந்த தங்கச்சி இருந்தும், அவள் பெற்ற பெண்குஞ்சின் முகத்தை ஒன்றரை வருஷமாகக் காணாமல், மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெண்சாதி பாவமில்லை. இது எந்த ஊர் நியாயம்?

குழந்தைக்குப் பல்லு வந்தது. நடை வந்தது. விமலேஸ்வரிக்கு பஸ்தான் வரவில்லை. மூன்று பஸ் மாறவேண்டும். மூன்றும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டவை. தங்கச்சி அன்னபாக்கியம் ஒரு கடிதம் போட்டிருந்தாள். "அக்கா, அத்தான்ரை மோட்டார் சைக்கிள் சத்தம் ஞாயிறு தவறாமல் கேக்குது. நீ எப்ப வாறாய்?" இரண்டே வரி. விமலேஸ்வரி அதை மடித்து மடித்து வைத்ததில், மடிப்பிலே எழுத்து அழிந்துபோயிற்று.

பின்னால் ஏற்றிக்கொண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். அவளும் கேட்டாள். யோகலிங்கம் பின் சீற்றைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். காரணம், வட்டக்கச்சி மோட்டார் சைக்கிள் சவாரிச் சங்கத்தின் மூன்றாவது விதி: 'பின்னுக்கு ஆள் ஏற்றினால் அது சவாரி அல்ல, போக்குவரத்து.' விதியை எழுதியவர் சங்கத் தலைவர். சங்கத் தலைவர் யோகலிங்கம். சட்டம் என்பது இப்படித்தான் பிறக்கிறது.

ஐம்பத்தெட்டில் சங்கம் தொடங்கியபோது ஒன்பது மோட்டார் சைக்கிள்; சங்கத்தார் பேச்சில் ஒன்பது மெசின். வரிசையாகக் கிளம்பினால் கண்டி றோட்டில் மாடுகள் தாமாகவே காட்டுக்குள் இறங்கிவிடும். அறுபத்திரண்டில் அந்தக் கீர்த்தி எல்லாம் போய்விட்டது. ரயருக்குத் தட்டுப்பாடு, அதனால்தான் சங்கம் படுத்தது என்று தலைவர் சொல்லுவார். முழுப் பொய். வீரகத்தியின் மெசின் பின் சில்லைக் கட்டையில் தூக்கி வைத்து, பட்டி மாட்டி, கிணற்றிலே தண்ணீர் இறைத்தது. கதிர்காமநாதன் மெசினின் முன் லைற் மாட்டுக்கொட்டிலில் தொங்கியது. மிச்சத்தில் உடுப்புக் காய்ந்தது. இப்படியே ஒவ்வொன்றாகக் குடும்பத்துக்கு உழைக்கப் பழகிவிட்டன. கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: தலைவர் யோகலிங்கம், செயலாளர் தவராசா.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வாய்க்கால் கரையில் அந்த இரண்டும் ஒன்றாகக் குறையும் ஆபத்து வந்தது.

"நான் இந்த ஞாயிறு வரேல்லை காணும்," என்றார் தவராசா.

"ஏன்?"

"சைட்காருக்குள்ளை கோழி அடை கிடக்குது."

"தூக்கி வெளியிலை விடுமன்!"

"பதினொரு முட்டை. கோழி எழும்பினால் நான்தான் மிச்ச நாளுக்கு அடை கிடக்கவேணும் எண்டு வீட்டிலை இலட்சுமி சொல்லிப்போட்டா."

"எத்தினை நாளைக்கு?"

"கோழிக்கோ, எனக்கோ?"

யோகலிங்கம் வாய்க்கால் கரையில் குந்தினார். சங்கத்தின் முதலாவது விதி: 'ஒருவர் போனால் பயணம், இருவர் போனால்தான் சவாரி.' சவாரி என்று ஒன்று இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. ஞாயிறு இல்லாவிட்டால் கடற்கரை இல்லை, அங்கே மத்தேயு வீட்டில் சமைக்கிற நண்டு இல்லை. ஏழு நாளும் மிளகாய்த் தோட்டம்! அன்றிரவு அவர் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தார். பெண்சாதிமார் தடுத்த சங்கத்தைப் பெண்சாதிமாரே எதிர்த்து வாயைத் திறக்க முடியாத ஒருவரைக் கொண்டு எழுப்புவது.

விடிய, குசினியில் விமலேஸ்வரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேர், இரவு ஒரு கனவு கண்டனான்."

"நண்டோ?"

"சீ! அம்மாள். வற்றாப்பளை அம்மாள் வந்தவா."

சுளகு நின்றது. வற்றாப்பளைக் கோயில் முள்ளியவளைக்குப் பக்கம். "வந்து?"

"'மகனே, ஏழு ஞாயிறு என்ரை வாசலுக்குக் கூட்டமா மோட்டார் சைக்கிளிலை வா' எண்டு சொன்னவா."

"மோட்டார் சைக்கிள் எண்டே சொன்னவா?"

"ஓம். தெளிவாச் சொன்னவா."

"பஸ்ஸிலை வரச்சொல்லேல்லையோ?"

"பஸ்ஸைப் பற்றி அவாவுக்கும் தெரியுமாக்கும்."

"கூட்டம் எண்டால் எத்தினை பேர்?"

"சங்கம் முழுக்க. ஒன்பது பேரும்."

"அப்ப இது உங்களுக்கு மட்டுமில்லை, சங்கத்துக்கே வந்த நேத்திக்கடன்."

"அதைத்தானே சொல்லுறன்!"

"நல்லது. கட்டாயம் செய்யவேணும்," என்றாள் விமலேஸ்வரி.

ஆறு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு கெதியாக எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. யோசிக்கத் தெரிந்த மனிதன் அந்த இடத்திலே பயந்திருப்பான். யோகலிங்கம் சீழ்க்கை அடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். குளித்துவிட்டு வந்தபோது அவள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நேத்தியெண்டால் நேத்தி மாதிரி நடக்கவேணும். மச்சம் மாமிசம் தொடப்படாது."

"ஏழு கிழமையுமோ?"

"இல்லையில்லை, ஞாயிறுகளிலை மட்டும் விட்டால் காணும்."

நண்டு கிடைக்கிறதே ஞாயிறுகளில்தான்.

"வேட்டி, சால்வை. சப்பாத்துப் போடப்படாது."

"வெறுங்காலாலை எப்பிடியடி மெசினை உதைச்சு ஸ்டார்ட் பண்ணுறது?"

"அம்மாளை நினைச்சு உதையுங்கோ. பிறகு, பொங்கல் ஆர் பொங்கப் போறது? நீங்களோ?"

சுடுதண்ணீர் வைக்கத் தெரியாதவர் அவர்.

"அப்ப நான் வரவேணும். மற்ற எட்டுப் பேரின்ரை பெண்சாதிமாரும் வரவேணும்."

"மூண்டாவது விதி..."

"சங்கத்து விதி அம்மாளுக்குத் தெரியாதெண்டோ சொல்லுறியள்? அவாவுக்கு அது பிடிச்சிருந்தால் 'பெண்டுகளை விட்டிட்டு வா' எண்டு கனவிலையே சொல்லியிருப்பாவே. சொன்னவாவோ?"

யோகலிங்கம் யோசித்தார். இப்போதும் ஒரு வரி சேர்த்துவிடலாம். ஆனால் முடிந்த கனவிலே புதிதாக வசனம் சேர்க்கிற துணிவு அவருக்கு வரவில்லை. "இல்லை," என்றார்.

"அப்ப அந்தச் சீற்றைப் பூட்டுங்கோ," என்று அவள் அலுமாரியைக் காட்டினாள்.

மத்தியானத்துக்குள் செய்தி ஒன்பது குசினிக்கும் போய்விட்டது. தலைவர் எத்தனை கூட்டம் போட்டு எத்தனை நோட்டீஸ் அனுப்பியும் அசையாத சங்கம், அரை நாளில் எழும்பிற்று. வீரகத்தியின் பின் சில்லு கிணற்றடியிலிருந்து தரைக்கு வந்தது. கதிர்காமநாதனின் லைற் கொட்டிலிலிருந்து இறங்கியது. மாடு மட்டும் இருட்டிலே நின்றது. இலட்சுமி தன் கையாலேயே கோழியையும் பதினொரு முட்டையையும் தூக்கித் தவராசாவின் சாய்மனைக் கதிரையில் வைத்தாள். அம்மாள் காரியம்.

ஞாயிறு விடிய ஒன்பது மெசின் வரிசையாக நின்றதைக் கண்டு யோகலிங்கத்துக்குக் கண் கலங்கியது. எழுந்ததே சங்கம்! பிறகு பின் சீற்றுகளைப் பார்த்தார். கண் இன்னும் கொஞ்சம் கலங்கியது. ஒன்பது பெண்சாதிமார், ஒன்பது பொங்கல் பானை, தேங்காய், வாழைக்குலை, இலட்சுமியின் சைட்காரில் விறகு.

"மெள்ள! பால் தளும்புது!"

"பள்ளம் பாத்து விடுங்கோ!"

"உந்த ஹோணை ஏன் அடிக்கிறியள், முன்னுக்கு ஒருத்தரும் இல்லையே?"

ஒட்டுசுட்டானுக்கு இப்பால் ஒரு கிழவர் சைக்கிளில் மணி அடித்து, ஒன்பது மெசினையும் முந்திக்கொண்டு போனார். திரும்பிப் பார்த்துக் கும்பிட்டும் விட்டார். ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்திருப்பார்.

வற்றாப்பளையில் பொங்கல் முடிந்தது. மத்தியானச் சாப்பாடு முள்ளியவளையில், அன்னபாக்கியம் வீட்டில். அதையும் விமலேஸ்வரியே தீர்மானித்திருந்தாள், "பக்கத்திலை வேறை ஆற்றை வீடு இருக்கு?" தெருவாசல் படலைக்குள்ளே முதலில் நுழைந்தவள் அவள்தான். குழந்தை தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இந்த அந்நியப் பெண்ணைப் பார்த்து வீரிட்டு அழுதது.

"பெரியம்மாவடி," என்றாள் அன்னபாக்கியம்.

"அழட்டும் விடு," என்றாள் விமலேஸ்வரி. "நான் பிந்தி வந்ததுக்கு அவள் அழாமல் வேறை ஆர் அழுறது?" அவளும் கொஞ்சம் அழுதாள்.

வெளியே வேப்பமரத்தின் கீழ் ஒன்பது வேட்டி கட்டிய ஆண்கள் வெறுங்காலோடு நின்றார்கள். ஆட்கள் வரக்காணவில்லையே என்று முல்லைத்தீவிலிருந்து மத்தேயு சட்டியோடு சைக்கிளில் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"என்ன யோகலிங்கமண்ணை, பூசாரி வேலைக்குப் போறியளோ?"

"நேத்தியடாப்பா. மச்சம் ஏலாது."

மத்தேயு சட்டியின் மூடியைத் திறந்தபடியே பக்தியோடு தலையசைத்தான். "அது சரி. தவக்காலத்திலை நாங்களும் தொடமாட்டம். ஆனால் மனிசி மார்கிறட் விடியக்காலையே எழும்பிச் சமைச்சது. வீணாக்கினால் பாவமெல்லோ." அப்படியே மரத்தடியில் குந்தியிருந்து, ஒவ்வொரு காலாகக் கடித்து உடைத்துச் சாப்பிட்டான். பதினெட்டுக் கண் பார்த்துக்கொண்டிருந்தன.

"காணும்," என்றார் தவராசா, வாழைக்காய்க் கறி பிசைந்த கையைப் பார்த்தபடி. "அந்தக் கனவு வரேக்கை நீர் கொஞ்சம் முழிச்சிருந்திருக்கலாம்."

இப்படி ஏழு ஞாயிறு. மூன்றாம் ஞாயிறு குழந்தை அழவில்லை. ஐந்தாம் ஞாயிறு மெசின் சத்தம் கேட்டதுமே படலையில் ஏறி நின்றது. விமலேஸ்வரி போகிற வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தாள். முன்னால் இருந்தவர் ஞாயிறுகளை எண்ணினார். ஏழு முடிந்த அன்றே, பெண்சாதிமாருக்குத் தெரியாமல், ஆண்கள் வாய்க்கால் கரையில் கூடி ஏகமனதாக முடிவு செய்தார்கள்: எட்டாம் ஞாயிறு பழைய சவாரி. காற்சட்டை, சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி, நண்டு. ஒருத்தியும் வரக்கூடாது.

எட்டாம் ஞாயிறு விடிய, எட்டு மெசினும் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வரப்பட்டு யோகலிங்கம் வீட்டுப் படலைக்கு வெளியே நின்றன. யோகலிங்கம் சப்பாத்துக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். மெசினின் பின் சீற்றில் விமலேஸ்வரி ஏறி இருந்தாள். மடியில் குழந்தைக்குத் தைத்த சட்டை.

"இறங்கு. நேத்தி முடிஞ்சுது."

"பிள்ளை படலையிலை நிக்கும்."

"நிக்கட்டும்! இண்டைக்குச் சவாரி. ஏழு எண்டு அம்மாள் சொன்னவா, ஏழும் முடிச்சாச்சு."

"எட்டாவதா நாங்களாப் போனால் அம்மாள் கோவிப்பாவோ? கூடப் போனால் கூடப் புண்ணியமெல்லோ."

வாதத்தில் அவளை வெல்ல முடியாது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வெளியே தவராசா மெதுவாக ஒருதரம் ஹோண் அடித்தார். யோகலிங்கம் படலையைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில், உண்மை என்ற ஒன்று தன்னிடமும் இருக்கிறது என்ற ஞாபகம் வந்து, வெளியே கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கனவே பொய்யடி! அம்மாளும் வரேல்லை, ஒருத்தரும் வரேல்லை. ஞாயிறு நண்டு தின்னுறதுக்கு நான் கட்டின கதை. இப்ப இறங்கு!"

விமலேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பிலே செருகினாள். படலைக்கு மேலால், ஏழு ஞாயிறு நண்டைக் கண்ணால் மட்டும் பார்த்த எட்டு முகங்களையும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"அது எனக்கு அண்டைக்குக் குசினியிலேயே தெரியும். வெளியிலை நிக்கிற எட்டுப் பேருக்கும் நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"