ஓரெழுத்துச் சக்களத்தி

குடும்பப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது லக்தர் ஜெபாரிக்கு அதில் இரண்டு மனைவிகள் இருந்தார்கள்.

நான்கு மனைவிகளுக்கு ஆளுக்கொரு பக்கம் விட்டு அச்சடித்த புத்தகம் அது. அல்ஜீரியாக்காரன் எவன் கல்யாணம் செய்துகொண்டாலும் அதைத்தான் கொடுப்பார்கள். பெரும்பாலோர் முதல் பக்கத்தோடு போதும் என்று நிறுத்திக்கொள்வார்கள். லக்தரும் அப்படித்தான் நினைத்திருந்தான். முதல் பக்கத்தில் தலெந்தா என்று இருந்தது. அது அவன் மனைவி. இரண்டாம் பக்கத்தில் தலிந்தா என்று இருந்தது. அது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு வீட்டுக்காரம்மாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்க," என்றார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மார். அல்ஜீரியத் தூதரகத்தில் கல்யாணப் பதிவெல்லாம் அவர் பொறுப்பு. தேநீர்க் குவளையை மேசையில் வைத்தால்கூடச் சத்தம் வராத மனிதர்.

இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படித்த பிறகு லக்தருக்கு விஷயம் விளங்கியது. தப்பு தன் பேரில்தான். அவன் அல்ஜீரியாவுக்குப் பக்கத்து நாட்டில், ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். ஒரு திருகாணியை முடுக்கினால் மறுபடி ஒரு தரம் முடுக்கிப் பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு மாடி இறங்கியவன், பூட்டினோமா என்று பார்க்க நாலு மாடி ஏறுவான். ஸ்ஃபாக்ஸ் நகராட்சியில் வைத்துத் தலெந்தாவைக் கல்யாணம் செய்த கையோடு, சொந்த நாட்டிலும் அது செல்ல வேண்டுமே என்று பத்திரங்களைத் தூதரகத்துக்குத் தபாலில் அனுப்பினான். அனுப்பியபின் தூக்கம் வரவில்லை. தபாலை நம்பி எவன் இருப்பான் என்று இன்னொரு நகலை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்து கொடுத்துவிட்டுப் போனான். ஆக, தபாலும் வந்துவிட்டது, கையில் கொடுத்ததும் சேர்ந்துவிட்டது. எங்கேயோ ஓரெழுத்து மாறி, ஒருத்தி இரண்டாகிவிட்டாள்.

இதை அவன் அம்மாரிடம் ஒளிக்காமல் சொன்னான். தப்பு தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்தது என்று தெரிந்ததில் அம்மாருக்கு மனம் லேசாகிவிட்டது.

"ஆனா இந்தம்மா காபெஸ்ல பிறந்ததாப் போட்டிருக்கே. மூணு வயசும் கம்மி," என்றார்.

ஓரெழுத்தைத் தப்பாக அடித்தவன் மற்றதை மட்டும் சரியாகவா அடித்திருப்பான் என்று லக்தர் கேட்டான். அம்மார் ஒத்துக்கொண்டார். அப்படியானால் இரண்டாம் பக்கத்தை அடித்துவிடலாமே என்றான். அதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் புத்தகத்தைவிட்டு ஒரு மனைவி வெளியே போக இரண்டே வழிதான், ஒன்று சாவு, மற்றொன்று விவாகரத்து என்றார். இல்லையென்றால் சொந்த ஊர் நீதிமன்றம். அதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.

"எனக்கு இந்த மாசம் குழந்தை பிறக்கப்போகுதுங்க," என்றான் லக்தர்.

"சந்தோஷம். எந்த அம்மாவுக்கு?"

ஒரே வீடு, ஒரே கணவன், ஏறக்குறைய ஒரே பெயர் என்று இரண்டு பேர் இருக்கும்போது, தாய் யார் என்று தீராமல் பிள்ளையை எந்தப் பக்கத்திலும் எழுத முடியாது என்று அம்மார் பொறுமையாக விளக்கினார். எழுதாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் நாடும் கிடையாது, அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தலெந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருந்துக்கடையில் நாளெல்லாம் வைத்தியர்களின் கிறுக்கலைப் படிக்கிறவள் அவள். ஓரெழுத்து மாறினால் என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சிரித்து முடித்த பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, "அவளுக்கு எத்தனை வயசுன்னு போட்டிருக்கு?" என்றாள்.

"மூணு வயசு கம்மி."

"ஓஹோ," என்றாள் தலெந்தா.

பிரசவத்துக்கு வந்திருந்த லக்தரின் மாமியார் மனூபியா, பிள்ளை பெற்றவளுக்குக் கிளறிக் கொடுக்க எள்ளும் பாதாமும் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை நின்றது. அல்ஜீரியாவில் எப்படியோ, இந்த நாட்டில் இரண்டாம் தாரம் கட்டினால் கட்டினவனும் உள்ளே போவான், தெரிந்தே கட்டிக்கொண்டவளும் உள்ளே போவாள். அந்தச் சட்டம் வந்தபோது தெருவில் இறங்கிக் குலவையிட்ட பெண்களின் வம்சம் தான் என்பதில் அவளுக்கு மிகுந்த பெருமை.

"மாப்பிள்ளை, உங்க ஊர்ல லக்தர் ஜெபாரின்னு கூப்பிட்டா பத்துப் பேர் திரும்பிப் பாக்கறாங்க. பொண்டாட்டிகளுக்கும் அதே வழக்கமா?" என்றாள்.

மறுவாரம் லக்தர் தலெந்தாவை அழைத்துக்கொண்டு போனான். இரண்டு பேரும் ஒருத்திதான் என்று நேரில் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பது அவன் கணக்கு. அம்மார் எழுந்து நின்று தலெந்தாவுக்கு வணக்கம் சொன்னார், நாற்காலி போடச் சொன்னார், அடையாளச் சீட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் நிதானமாக எழுதினார்: தலெந்தா வந்தார். தலிந்தா வரவில்லை.

"ஐயா, அவளும் இவதான்," என்றான் லக்தர்.

"அப்படின்னா அவங்க சீட்டைக் காட்டச் சொல்லுங்க."

தலெந்தா சளைக்கவில்லை. வெளியே போய், தலைத்துணியை வேறு மாதிரி சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, தான் தலிந்தா என்றாள். அம்மார் மறுபடி எழுந்து வணக்கம் சொன்னார். மறுபடி சீட்டைக் கேட்டார். அதில் தலெந்தா என்றிருந்ததால், இரண்டாம் மனைவி முதல் மனைவியின் சீட்டை எடுத்துக்கொண்டு வந்திருப்பதாக எழுதிவைத்தார்.

லக்தருக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே ஒரு வெள்ளைத்தாளை வாங்கி, தலிந்தா என்று தனக்கு ஒரு மனைவி இல்லவே இல்லை, தான் அவளைக் கண்ணால் கண்டதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வழக்கம்போல இரண்டு தரம் போட்டான். அதைப் படித்த அம்மாரின் முகம் மாறிவிட்டது. கட்டின மனைவியை இல்லை என்று சொன்ன ஆண்களை இத்தனை வருஷத்தில் அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்ட பெண்களுக்கென்று தூதரகத்தில் தனியாக ஒரு ஏற்பாடே இருந்தது.

சில நாளில் லக்தரின் வீட்டு விலாசத்துக்கு, தலிந்தாவின் பெயரில் ஒரு பதிவுத்தபால் வந்தது. வாங்கிக்கொள்ள வேறு யாரும் இல்லாததால் தலெந்தாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கணவன் உங்களைக் கைவிட்டதாகத் தெரிகிறது, நீங்கள் அஞ்ச வேண்டாம், ஜீவனாம்சம் கேட்கலாம், தனி வீடு கேட்கலாம் என்று அதில் ஆறுதலாக எழுதியிருந்தது.

"எனக்கு ஒருநாளும் இவ்வளவு அன்பா யாரும் கடுதாசி போட்டதில்லை," என்றாள் தலெந்தா. அதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தலிந்தா அந்த வீட்டில் குடியேறிவிட்டாள். குழம்பில் உப்பு கூடினால், இன்றைக்குச் சமையல் தலிந்தா என்பாள் தலெந்தா. லக்தர் வேலையிலிருந்து தாமதமாக வந்தால், "அவ வீட்டுல சாப்டாச்சா?" என்பாள். அவள் என்ன வேலை பார்ப்பாள், மூக்கு எப்படி இருக்கும், காபெஸ்காரி என்றால் மிளகாய் அதிகம் போடுவாளே என்று தனியாக உட்கார்ந்து யோசித்தாள். இல்லாத ஒருத்தியைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுவது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. விஷயம் எப்படியோ கசிந்து தெருவுக்கும் போயிற்று. ரொட்டிக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமலே ஒரு ரொட்டி கூடுதலாகக் கட்டிக்கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மாடியேறி வந்து, எல்லா அறைகளையும் எட்டிப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு இறங்கினார்கள்.

குழந்தை வயிற்றில் இறங்கிவிட்டது, இனி நாள் எண்ண வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்ன அன்று லக்தர் மறுபடி அம்மாரின் முன்னால் போய் நின்றான். அவன் முகத்தைப் பார்த்து அம்மாருக்கே இரக்கம் வந்துவிட்டது. தடுப்பின் ஓட்டை வழியாகக் குனிந்து, ரகசியக் குரலில் ஒரு யோசனை சொன்னார். பேசாமல் தலிந்தாவை விவாகரத்துச் செய்துவிடுங்கள். இரண்டு பேரும் சம்மதித்தால் விரைவாகத் தீர்ந்துவிடும். ஊர் நீதிமன்றத்துக்குத் தானே அனுப்பிவைப்பதாகவும், தன் முன்னால் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் பிள்ளையை எழுதிவிடலாம் என்றும் சொன்னார்.

வழியில் லக்தர் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டான். இமாம் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. விளையாட்டுக்குச் சொன்னாலும் தலாக் தலாக்தான், நீ யார் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாயோ அவளைத்தான் அது சேரும், பெயரில் ஓரெழுத்து மாறினதெல்லாம் மேலே இருக்கிறவனுக்குக் கணக்கில்லை என்றார்.

குறித்த நாளில் மூன்று பேருமாகப் போனார்கள். மனூபியா கிளறி முடித்திருந்த இனிப்பையும் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டாள். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் கையில் ஏதாவது இருக்கட்டும் என்றாள். தலெந்தா தலிந்தாவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மார் இந்தத் தடவை சீட்டைக் கேட்காமல், தாளை எடுத்து வைத்துவிட்டு, சொல்லுங்கள் என்றார்.

லக்தர் அவள் முகத்தைப் பார்த்தான். வீங்கின கால்களைச் செருப்பில் நுழைக்க முடியாமல் அவனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் புத்தகத்தில் பிள்ளையின் பெயர் ஏறும். வாயைத் திறந்தான். கண்ணில் நீர் முட்டியது. இவளைத் தவிர வேறு எவளும் தனக்கு வேண்டாம் என்று அவனுக்கு அப்போது தெரிந்த அளவுக்குக் கல்யாணத்தன்றுகூடத் தெரியவில்லை.

"வேண்டாம், சொல்லாதே," என்றாள் தலெந்தா. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "இருந்துட்டுப் போறா, லக்தர். அவளும் நான்தானே. என்னைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை சொல்லித்தான் என் பிள்ளைக்குப் பேர் வரணும்னா, அந்தப் பேரே வேண்டாம்."

அம்மார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்படியானால் இன்னொரு வழியும் இருக்கிறது என்றார். கணவன் தன் மறுப்பை வாபஸ் வாங்கிக்கொண்டு தலிந்தாவை மனைவியாக மனப்பூர்வமாக ஏற்க வேண்டும். முதல் மனைவி தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுத வேண்டும். பிறக்கப்போவது தலெந்தாவின் பிள்ளைதான் என்று தலிந்தா எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றும் இருந்தால் பிள்ளையைத் தாராளமாக முதல் பக்கத்தில் எழுதிவிடலாம்.

"இதை ஏங்க முதல்லயே சொல்லல?" என்றான் லக்தர்.

"நீங்க அவங்களை விரட்டத்தானே வழி கேட்டீங்க. வெச்சுக்க வழி கேக்கலையே."

இந்த நாட்டுச் சட்டம் என்னாவது என்று மனூபியா குறுக்கே விழுந்தாள். இந்தக் கண்ணாடிக்கு உள்ளே எங்கள் நாடு, மாப்பிள்ளை தெருவில் இறங்கினால் அவருக்கு ஒரே மனைவிதான் என்று அம்மார் சமாதானம் சொன்னார்.

லக்தர் எழுதினான். தலிந்தாவைத் தன் சட்டப்படியான மனைவியாக முழு மனதோடு ஏற்பதாகவும், இனி ஒருநாளும் கைவிடமாட்டேன் என்றும், சோறு, துணி, வீடு எல்லாம் இருவருக்கும் சரிசமம் என்றும் எழுதினான். தலெந்தா முதல் மனைவியாக ஒரு கையெழுத்தும், தலிந்தாவாக ஒரு கையெழுத்தும் போட்டாள். தலிந்தாவுக்குக் கொஞ்சம் அழகாகவே போட்டுக் கொடுத்தாள். மனூபியா சாட்சி. அம்மார் ஒன்றன்மேல் ஒன்றாக முத்திரை குத்தினார். இனி இதை ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது என்று பெருமையோடு சொன்னார்.

எல்லோருக்கும் சுமை இறங்கினாற்போல இருந்தது. லக்தர் முத்திரைகளை இரண்டு தரம் சரிபார்த்தான். மனூபியா டப்பாவைத் திறந்து அம்மாருக்குக் கொடுத்தாள், வாசல் காவலருக்குக் கொடுத்தாள், அடுத்ததாக உள்ளே வந்த இளம்பெண்ணுக்கும் ஒரு கரண்டி அள்ளிக் கொடுத்தாள். அந்தப் பெண் சாப்பிட்டுவிட்டு, தலெந்தாவின் வயிற்றைப் பார்த்து நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று வாழ்த்தினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தடுப்பருகே போனாள்.

"ஐயா, என் பேரு தலிந்தா, காபெஸ்லேருந்து வர்றேன். எங்க கல்யாணப் பத்திரத்தைத் தபால்ல அனுப்பி எத்தனையோ மாசம் ஆச்சு, அது என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னார், என் வீட்டுக்காரர் லக்தர் ஜெபாரி."